ஜீப்பின் மூக்கு ஏன் தாழ்ந்தது?

நம்மூரில் ஜீப் என்றால் தாசில்தார் வண்டி, இல்லாவிட்டால் போலீஸ் வண்டி. அதே ஜீப்பின் பின்னால் மரத்தட்டு அடித்து, மீன் கூடையும் எண்ணெய் டிரம்மும் ஏற்றி பிக்கப் மாதிரி ஓட்டுவதை நான் முதலில் பார்த்தது டிராம்பேயில்தான். 2004-ல் மாற்றலாகி மும்பைக்கு வந்தபோது சிறு வாகனக் கடன் ஃபைல்கள் என் மேஜைக்கு வந்தன. பி.காம். படித்தவனுக்கு வண்டியின் அடிப்பாகம் எப்படித் தெரியும்? கடன் கொடுத்த வண்டியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் போனேன். அப்படிப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

பழைய ஜீப்களில் ஒன்றை உடனே கவனிக்கலாம். பாரம் இல்லாமல் நிற்கும்போதும் முன்பக்கம் தரையை முகர்ந்துகொண்டு நிற்கும். இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1945-ல் லூதியானாவில் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனியின் பங்காளி குலாம் முகமது, பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே நிதி அமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை உதிரியாக இறக்குமதி செய்து பம்பாய் மஸ்காவில் பூட்டினார்கள். யுத்தத்துக்காக 1941-ல் பிறந்த வண்டி அது. முன்னும் பின்னும் ஒரே நீள ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை. பட்டை என்றால் நம் லாரிகளில் அடுக்கடுக்காக வில் மாதிரி இருக்குமே, அதுதான். இங்கே மெக்கானிக்குகள் கமானி என்பார்கள். லண்டனில் ஒபதையா எலியட் 1804-ல் குதிரை வண்டிக்குக் காப்புரிமை வாங்கிய வில், பெட்ரோல் வண்டிக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

அந்த முன்பட்டைகளைக் கணக்கிட்டது பெட்ரோல் இன்ஜினின் எடைக்கு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. பெட்ரோலில் ஓட்டிச் சம்பாதிக்க முடியாமல் போனவர்கள் டீசல் இன்ஜினைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டிராம்பேக்காரர்களுக்கு இரண்டுமே பக்கத்து வீட்டுச் சரக்கு. 1954-ல் ஸ்டான்வாக், 1955-ல் பர்மா ஷெல் என்று இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் இங்கேயேதான் வந்தன. ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக யாரும் விலையைக் குறைக்கவில்லை!

டீசல் இன்ஜின் கனம். அதற்கு ஏற்ற பட்டையைச் சேர்த்து மாற்றியவர்கள் குறைவு. மூக்கு தாழ்ந்த காரணம் அதுதான். வருஷக்கணக்கில் பள்ளத்தில் குதித்துப் பட்டை வளைவு இழந்தது மீதிக் காரணம்.

சரி, எப்படித் தூக்குவார்கள்? நியாயமான வழி, யூ போல்ட்டைக் கழற்றிப் பட்டை செட்டை இறக்கி, ஒவ்வொரு பட்டையாகச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றி, தேவைப்பட்டால் ஒரு பட்டை கூடுதலாக வைத்து, புது சென்டர் போல்ட், புது புஷ் போட்டுக் கட்டுவது. புது செட் வாங்குவதைவிடச் செலவு மிகக் குறைவு. கூலிதான் பெரிது. அடிக்கத் தெரிந்தவர் கிடைக்க வேண்டும்.

இன்னும் மலிவான வழி ஷேக்கிள். பட்டையின் ஒரு முனை தொங்கும் கொக்கி அது. 2 அங்குலம் நீளமான ஷேக்கிள் போட்டால் வண்டி 1 அங்குலம்தான் உயரும், மறுமுனை அசையாமல் இருப்பதால். ஆனால் ஆக்சில் சாய்ந்துவிடும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்காக வைத்த சாய்மானம் (காஸ்டர் என்பார்கள்) கெடும். மூன்றாவது வழி பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது. பிரேக் அடித்தால் பாரமெல்லாம் முன்னால் வரும், அங்கே கட்டை புரண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கடனாளி ஒருவர், நெல்லைப் பக்கம், சீட்டா கேம்பில் குடியிருந்தார். 1976-ல், எமர்ஜென்சியில், அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து கிளப்பி, கழிமுகத்துச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து விட்ட ஜனங்களின் குடியிருப்பு அது. தமிழர்கள் நிறைய. ஷேக்கிள் மாற்றியிருந்தார். சயான்–டிராம்பே ரோட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கையைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி தன் இஷ்டத்துக்குப் போனது.

"என்ன அண்ணாச்சி இது?"

"இன்ஜின் கனம் கூடிப் போச்சுல்லா சார், பட்டை என்னத்தச் செய்யும்? மழை வந்தா எங்க ஏரியாவுல தண்ணி வேற நிக்கும்."

2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, ஒரு அங்குலம் தூக்கியவரும் தூக்காதவரும் ஒரே தண்ணீரில்தான் நின்றார்கள்.

என் கவலை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2000-ல் இதைத் திருத்தி இறுக்கினார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அண்ணாச்சியின் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் இன்னும் பெட்ரோல்! விபத்து நடந்து இன்சூரன்ஸ் கையை விரித்தால் வங்கிக்குப் போவது ஒரு கணக்கு, அவருக்குப் போவது பிழைப்பு. தேய்ந்த பட்டையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது ரிப்பேர். அதற்கு மேல் தூக்குவதை என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

முதலில் ஆர்.டி.ஓ.விடம் இன்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார். பிறகு குர்லாவில் ஒரு பட்டறையில் ஷேக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டை அடித்துக் கட்டினார். தட்டில் வழக்கமான பாரத்தை வைத்துவிட்டு அளவெடுத்தார் பட்டறைக்காரர். காலி வண்டியில் அளந்தால் பொய்யாம். கடைசியில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தார், ஹெட்லைட்டை ஒரு திருகு இறக்கினார்.

இன்றைய வண்டிகள் பலவற்றில் பாரபாலிக் பட்டை. இரண்டு மூன்று மட்டும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். தட்டி வளைக்க முடியாது, போனால் மாற்ற வேண்டியதுதான். சம்மட்டிக்காரர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. பழைய பட்டைகளுக்கு மட்டும் இன்னும் கிராக்கி உண்டு. திருப்பாச்சேத்தி அருவாள் அடிப்பவர்கள் தேடி வாங்குவது லாரிப் பட்டையைத்தான்.