மண்டபமும் நினைவும்

மண்டபம் ஒன்றை மக்கள் நேசிப்பது எதனால்? நடுகல் பாடல்களைப் படிப்பிக்கும்போதெல்லாம் தமிழாசிரியனான எனக்குள் எழும் வினா இது. கனடாவின் மொன்றியல் நகர வரலாறு இதற்கு விடை தருகிறது.

அங்கே பனித்தரை ஹொக்கிக்குப் பெயர்போன 'ஃபோரம்' அரங்கு 1924இல் திறக்கப்பட்டது. 'கனேடியன்ஸ்' அணியின் ஒப்பற்ற வீரர் ஹொவி மொறென்ஸ், 1937 ஜனவரியில் அங்கு ஆடுகையில் கால் முறிந்து, மார்ச்சில் உயிர்நீத்தார். இறுதிச் சடங்கும் அவ்வரங்கிலேயே நடந்தது. விளையாட்டுக் கூடம் அன்று நினைவாலயமாயிற்று.

1996 மார்ச் 11இல் அங்கு கடைசி ஆட்டம். முதுபெரும் வீரர் மொறிஸ் றிஷார் தோன்றியதும் எழுந்த ஆரவாரம் பல நிமிடங்கள் ஓயவில்லை. முன்னாள் அணித்தலைவர்கள் தீபமொன்றைக் கைமாற்றி இளையவரிடம் சேர்த்தனர். சில நாட்களிலேயே, இருபத்தோராயிரம் பேர் அமரும் புதிய அரங்கு திறக்கப்பட்டது. ஆசனங்கள் பெருகின, நினைவுக்கு எங்கே போவது?

2000 மே மாதம் றிஷார் மறைந்தார். புதிய அரங்கில் வைக்கப்பட்ட அவரது உடலுக்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினர். புதிய மண்டபம் அன்றுதான் அந்நகருக்குச் சொந்தமாயிற்று என்பேன். தீபத்தைக் கையில் ஏந்திச் செல்லலாம். நினைவை ஒவ்வொரு மண்டபமும் தானே ஈட்டவேண்டும்.