கத்துக்குட்டிகளும் சித்திரகாரப்புலியும்

கிரிக்கெட்டில் ஒரு சின்ன அணி பெரிய அணியிடம் தோற்றால், மறுநாள் பத்திரிகையில் 'கத்துக்குட்டி அணி' என்று வரும். ஓவியம், சிற்பம் என்று வந்தாலும் இதே கதைதான். முறையாகப் படிக்காமல் வரைகிறவர் கத்துக்குட்டி. கொஞ்ச நாள் வரைந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போகிறவர் அரைகுறை.

ஐரோப்பாவில் இதற்கு வழங்கும் சொற்கள் பிறந்தபோது திட்டுச் சொற்களாக இல்லை. 'அமெச்சூர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நேசிப்பவர்' என்று பொருள். 'டிலெட்டான்ட்' இத்தாலியிலிருந்து வந்தது. 'ரசித்து மகிழ்பவர்' என்று பொருள். 1734-ல் லண்டனில் வசதியான வாலிபர்கள் சிலர் தங்கள் சங்கத்துக்கு 'டிலெட்டான்டி சங்கம்' என்று பெருமையாகவே பெயர் வைத்தார்கள். கேலி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். தமிழக வரலாற்றில் கலையைத் தொழிலாகக் கொள்ளாமல் கலையில் இறங்கியவர்கள் உண்டா? உண்டு. முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு ராஜா!

பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் (சுமார் கி.பி. 590–630). 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். அவன் குடைவரைகளில் வெட்டியிருக்கும் பட்டப்பெயர்களில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. ஓவியர்களுக்குள் புலி என்று அர்த்தம். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக அவன் சொல்லிக்கொள்கிறான். கோயிலையே பாறையில் குடைய நினைத்தது பெரிய துணிச்சல்தான். ஆனால் உளி பிடித்தவர்களின் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை. புலி வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு கோடுகூட இன்று மிஞ்சவில்லை. பட்டம் மட்டும் பாறையில் இருக்கிறது.

அதே மகேந்திரன் காலத்தில் மலையடிவாரத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் அமிர்தி. அருவிக்கும் சிறிய உயிரியல் பூங்காவுக்கும் போய் வருகிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். அது ஜவ்வாது மலையின் வடபக்கம். தென்பக்கம் இறங்கினால் செங்கம் வட்டாரம். அங்கேதான் நடுகற்கள் கூட்டமாகக் கிடைத்தன. மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவர்களுக்காக நட்ட கற்கள் இவற்றில் நிறைய. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலில் இவற்றை வெளியிட்டது.

அவற்றில் எடத்தனூர்க் கல் பிரபலமானது. மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். இந்த வட்டாரக் கற்களில் கோயில் சிற்பத்தின் அளவும் நெளிவும் இருக்காது. தட்டையான புடைப்பு, எளிய கோடு. அரசவைச் சிற்பி பார்த்தால் 'கத்துக்குட்டி வேலை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 1400 வருடம் கழித்தும் அந்த நாயை அடையாளம் தெரிகிறது, பெயர் சொல்லிக் கூப்பிடலாம்! செத்தவனின் வீட்டாரும் ஊராரும் தினமும் பார்க்கப் போகிற கல் அது. ஆளையோ நாயையோ விட்டுவிட்டால் சும்மா இருப்பார்களா?

மூன்றாவது ஆள் 20-ஆம் நூற்றாண்டுக்காரர். பாண்டிச்சேரியில் அறிவியல் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் (1885–1945). தொழிலால் தொல்லியலாளர் அல்ல. பொதிகை, கூடு போன்ற உறுப்புகள் காலந்தோறும் எப்படி மாறின என்று பார்த்துக் கோயில்களின் வயதைக் கணிக்கலாம் என்று 1914-ல் வந்த நூலில் காட்டினார். அந்த உறுப்புகளின் பெயர்களை அன்று உளி பிடித்துக்கொண்டிருந்த சிற்பிகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். 1931-ல் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியங்களை அடையாளம் கண்டதும் இவரே. நேசிப்பவர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் இவர் சறுக்கியதும் உண்டு. சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரன் காலத்தவை என்று சொன்னார். சித்திரகாரப்புலிக்கு ஒருவழியாக ஓவியம் கிடைத்துவிட்டது! கல்வெட்டு ஒத்துக்கொள்ளவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்ததாக அது சொல்கிறது. இன்று ஓவியங்களையும் அந்தக் காலத்தோடுதான் சேர்க்கிறார்கள்.

இந்தப் பிழை திருத்தப்பட்டது. திருத்த முடியாமல் போன விஷயம் வேறு. 1920-களில் காஞ்சிபுரம் வட்டாரத்து யோகினி சிற்பங்கள் பாரிஸ் கலைப்பொருள் வியாபாரி சி.டி. லூவிடம் போய்ச் சேர்ந்ததும் இதே துப்ரேய் வழியாகத்தான். ஒரே கோயிலைச் சேர்ந்த தேவிகள் இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல அருங்காட்சியகங்களில் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நேசித்தவர் கையாலேயே நடந்த இழப்பு இது.

மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பயிற்சி உண்டா இல்லையா என்பது மட்டும் பிரச்சினை இல்லை. யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியம். ராஜாவை 'எங்கே, வரைந்து காட்டு' என்று கேட்க ஆள் இல்லை. துப்ரேய் எழுதியதைச் சரிபார்க்க அறிஞர்கள் இருந்தார்கள், பிழை திருந்தியது. அவர் அனுப்பிய சிற்பங்களைப் பற்றி அன்று கேட்பாரில்லை, போனவை போனவைதான். எடத்தனூர்ச் சிற்பிக்கோ ஊரே எதிரில் நின்றது.

அடுத்த முறை யாரையாவது கத்துக்குட்டி என்று சொல்ல வாய் வந்தால், கோவிவனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.