ஒன்பது மில்லிமீட்டரும் ஊவாவின் அகலப் பாதையும்

புகையிரத வரலாற்றை எழுதப் புகுவோர் எஞ்சின்களையும் பாலங்களையும் குகைகளையும் விரித்துரைப்பர். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுவர். ஆயினும் ஒரு பாதை வாழுமா மாயுமா என்பதை அத்தூரமே பலகால் தீர்மானித்துள்ளது. இவ்வுண்மையை விளக்க யாம் ஊவாவின் மலைத்தடத்தையும், அதற்கு யாதொரு தொடர்பும் அற்றதெனத் தோன்றும் யப்பானிய விளையாட்டுப் பொருள் ஒன்றையும் அருகருகே வைத்து நோக்க விழைகின்றோம்.

'காட்டோ' என்பது மாதிரிப் புகையிரதங்களுக்குரிய யப்பானிய வணிகப் பெயர். அதன் தாய் நிறுவனம் 1957இல் தொடங்கிற்று. 1965இல் அந்நிறுவனம் சீ50 என்னும் நீராவி எஞ்சினின் சிற்றுருவை ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுமாறு வெளியிட்டது. யப்பானில் இவ்வகையில் முதலாவது அதுவே. இவ்வளவுத் திட்டத்தை 'என்' என்பர். ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது.

இங்கே ஒரு சிறு கணக்கு வேண்டியுள்ளது. யப்பானின் பழைய பாதைகள் 1067 மில்லிமீட்டர் அகலமுடையவை. 1964இல் தொடங்கிய சின்கன்சென் அதிவேகப் பாதை 1435 மில்லிமீட்டர். சின்கன்சென்னை 160இல் ஒரு பங்காகச் சுருக்கினால் தண்டவாள இடைவெளி ஏறத்தாழச் சரியாக ஒன்பது மில்லிமீட்டர் வரும். பழைய பாதையின் வண்டிகளையோ 150இல் ஒரு பங்காகவே செய்கின்றனர். அவ்வளவிற்கு ஏழு மில்லிமீட்டரே பொருந்தும். ஆனால் அவையும் ஒன்பதிலேயே ஓடுகின்றன. அதாவது, வண்டி உண்மை. அதன் கீழுள்ள பாதை பொய். இப்பொய்யை அறிந்தே ஏற்றுக்கொண்டனர். அதனாலேயே ஒரு சிறுவன் வாங்கிய கிராமத்து நீராவி வண்டியும் அவன் தந்தை வாங்கிய அதிவேக வண்டியும் ஒரே மேசையில், ஒரே தடத்தில் ஓட முடிந்தது. அளவின் நேர்மையைக் கைவிட்டு இணைப்பைக் காத்தமை கூரிய வணிக அறிவு என்றே கூற வேண்டும்.

இலங்கையிலும் இதே வினா எழுந்தது. ஆனால் அங்கே விலை செலுத்தியது மலை. கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர் அகலமுடையது. அது 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், மறு ஆண்டில் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே பதுளையில் கோச்சி வந்து நின்றது.

இதே காலத்தில் வேறு மலைச்சரிவுகளில் அரசு மலிவான வழியைத் தேர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கிலும், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரையிலும் 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை இடப்பட்டது. குறுகிய பாதை கூர்மையாக வளையும். மலையைக் குறைவாக வெட்டினாற் போதும். ஆனால் இராகலைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டி நானுஓயாவில் இறக்கப்பட்டு, வேறு வண்டியில் மீண்டும் ஏற்றப்படல் வேண்டும். மோட்டார் லொறி வந்தபின் அவ்விரட்டை வேலைக்கு யார் காத்திருப்பர்? 1903இலும் 1904இலும் திறக்கப்பட்ட அப்பாதை 1940களில் மூடப்பட்டது. களனிப் பாதையோ 1990களில் அவிசாவளை வரை அகலமாக்கப்பட்டே உயிர் தப்பியது. பதுளைப் பாதை எஞ்சியமைக்கு அதன் அகலமே தலையாய காரணம் என்பது எமது துணிபு.

அகலத்திற்கு மலை கேட்ட விலையைத் தெமோதரையிற் காணலாம். இம்மலைப் பாதையின் மிகக் கூரிய வளைவுகள் ஐந்து சங்கிலி, ஏறக்குறைய 100 மீட்டர், ஆரமுடையவை. ஏற்றம் 44இற்கு 1. அந்த ஆரத்தில் ஒரு முழு வட்டம் சுற்றினால் வண்டி 632 மீட்டர் ஓடி, 14 மீட்டருக்குச் சற்று மேலாக உயர்வையோ தாழ்வையோ பெறும். ஒரு வண்டி இன்னொன்றன் கீழே நுழைய அது தாராளமாகப் போதும். தெமோதரையில் நிகழ்வதும் இதுவே: நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிச் செல்லும் பாதை, குன்றைச் சுற்றித் தாழ்ந்து வந்து, அந்நிலையத்தின் அடியிலேயே குகைக்குள் புகுகிறது. காட்டோவின் 249 மில்லிமீட்டர் ஆர வளைவைக் கொண்டு மேசைமேல் இதையே செய்ய முயன்றால், 44இற்கு 1 என்ற ஏற்றத்தில் 35 மில்லிமீட்டரே கிடைக்கும். வண்டியின் உயரத்தோடு பாலத்தின் கனமும் சேர அது போதாது. ஆகவே மாதிரி செய்வோர் ஏற்றத்தைச் செங்குத்தாக்கிக்கொள்வர். மேசையின் எஞ்சின் அதைத் தாங்கும். தேயிலை ஏற்றிய நீராவி எஞ்சின் தாங்காது.

இவ்வளையம் பற்றிய வாய்மொழிக் கதை யாவரும் அறிந்ததே. வழி தெரியாது எஞ்சினியர் திகைத்து நிற்க, கங்காணி ஒருவன் தன் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு உபாயம் தோன்றிற்று என்பர். எஞ்சினியர் விமலசுரேந்திர என்றும் கூறுவர். வரலாற்று மாணவர் இதை அவ்வாறே ஏற்றல் அரிது. 1881இல் முடிந்த டார்ஜிலிங் மலைப்பாதையிலும், 1908இல் சுவிற்சர்லாந்தின் புரூசியோவிலும் இத்தகைய வளையங்கள் ஏலவே இருந்தன; எஞ்சினியர்கள் அவற்றை அறியாதிருந்திரார். எனினும் கதையைத் தூக்கி எறிதலும் தகாது. அக்கதையின்படி தெமோதரை வளையத்தின் முதல் மாதிரி ஒரு தொழிலாளத் தலைவனின் துணி. மண் வெட்டிய கூட்டத்தாருக்கு ஏடுகளிற் கிடைக்காத இடத்தைக் கதை கொடுத்துள்ளது. எஞ்சினியருக்குப் பெயர் உண்டு. கங்காணிக்கு அக்கதையிலும் பெயரில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எல்லவிற்கு அருகேயுள்ள ஒன்பது வளைவுப் பாலம், முதலாம் உலகப் போர்க்கால இரும்புத் தட்டுப்பாட்டினால் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்டது என்பர். அதன் படம் இன்று உலகெங்கும் உலவுவதால் அதனை இங்கு விரிக்கவில்லை.

பாதை பதுளையோடு நின்றுவிட்டது. பசறை, லுணுகலை, பிபிலை கடந்து மொனராகலைக்கு அது செல்லவில்லை. குறுகிய பாதைகூட அங்கே இடப்படவில்லை. மொனராகலையின் றப்பர்த் தோட்டத்தார்க்குக் கோச்சி என்பது பஸ்ஸில் வந்து காணும் பொருளாகவே இருந்தது. 1979இல் யப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் கட்டிய எம்5 டீசல் எஞ்சின்கள் இலங்கைத் தண்டவாளத்திற்கு வந்தபோதும் அந்நிலை மாறவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதிற்று. அதன்பின் இப்பாதையின் வண்டிகளுக்குத் தோட்டத்து மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. வழியனுப்ப வந்தோரும் போவோரும் நிலையங்களில் அழுத அழுகையால் வந்த பெயர் அது. முப்பது ஆண்டுகள் மலையைக் குடைந்து பதுளை வரை கொண்டுவரப்பட்ட அகலப் பாதையின் பயன், இம்மக்களைப் பொறுத்தவரை, இடையில் தடையின்றி அவர்களை வெளியேற்றுவதாகவும் ஆயிற்று. பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் வரை 1676 மில்லிமீட்டர் மாறவேயில்லை. அங்கே கப்பல். அக்கரையில் இராமேசுவரத்தில் அவர்கள் ஏறிய வண்டி 1000 மில்லிமீட்டர் பாதையில் நின்றது. பாம்பன் பாலத்துப் பாதை 2007இல் அகலமாக்கப்பட்டு, இரு கரைகளும் ஒரே அளவினவாயின. கப்பற் சேவை 1984இலேயே நின்றுவிட்டிருந்தது.