கல்லுக்கணக்கும் கடல் கோடும்

நாடுன்னா என்னன்னு நமக்கு சின்ன வயசுலயே மேப்பை விரிச்சுக் காட்டிட்டாங்க. ஒரு கலர் முடியுற இடத்துல ஒரு நாடு முடியுது, அவ்ளோதான் மேட்டர். தூத்துக்குடி முத்துக்குளிப்புக் கணக்கைப் படிச்சா இந்த மேப் புத்தி கொஞ்சம் ஆட்டம் கண்டுரும்.

முத்துக் குளிக்கறவர் கடலடிக்கு வேகமா இறங்க ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டுப் போவார். அந்தக் கல்தான் வரிக்கும் அளவு. ஒரு சலாபத்துல (முத்துக்குளிப்பு சீசனுக்கு அதான் பேரு) இத்தனை கல், கல்லுக்கு இவ்வளவு வரி. இதுல ராஜாக்களுக்கு மட்டும் சில கற்கள் வரியில்லாம ஒதுக்கப்படும். டச்சுக்காரங்க காலத்துக் கணக்குல மதுரை நாயக்கருக்கு 96½ கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல். பரவர் பட்டங்கட்டிகளுக்கும் தனிப் பங்கு உண்டு. அரைக் கல்லை எப்படிக் கடல்ல இறக்குனாங்கன்னு கேக்காதீங்க :-)

அப்போ அந்தக் கடல் யாரோடது? கப்பலும் பீரங்கியும் டச்சுக் கம்பெனிகிட்ட. கரை நாயக்கர்கிட்டயும் சேதுபதிகிட்டயும். கடலுக்குள்ள இறங்கற ஆளுங்க பரவர் ஜாதித்தலைவன் பேச்சைத்தான் கேப்பாங்க. முழுசா ஒருத்தருக்குச் சொந்தம்னு சொல்லவே முடியாது. இதை ஒற்றுமைன்னு நினைச்சு உருகிட வேண்டாம், அடிதடிக்குக் குறைச்சலே இல்ல. 1530-கள்ல பரவர்கள் போர்ச்சுகீசியரோட பாதுகாப்பைத் தேடிப் போய் கத்தோலிக்கரா மாறினதே அப்படி ஒரு சண்டையிலதான். 1658-ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சப்புறம் அவங்க புராட்டஸ்டன்ட், இவங்க கத்தோலிக்கர். ஆனாலும் சலாபம் நடந்துச்சு. அதிகாரம்ங்கறது அங்க ஒரு பங்கு. எல்லைக்கோடு இல்ல.

அந்தக் கோடு ஐரோப்பாவுலேர்ந்து வந்துச்சு. 1758-ல வாட்டல்னு ஒரு சுவிஸ்காரர் சர்வதேச சட்டம் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லைன்னு பேசற அதே மனுஷன், கரையோரக் கடல்ல ஒரு நாடு சொந்தம் கொண்டாடலாம்ங்கறதுக்குக் காட்டற உதாரணத்துல பஹ்ரைனோடயும் இலங்கையோடயும் முத்துப் படுகைகள் வருது. நம்ம வளைகுடா சிப்பி உலகச் சட்டத்துக்கே சாட்சி சொல்லப் போயிருக்கு! 1811-ல இலங்கையில் முத்துப் படுகைகளைக் காக்க பிரிட்டிஷ்காரங்க தனிச்சட்டமே போட்டாங்க.

1825-ல தூத்துக்குடி டச்சுக்காரங்ககிட்டேர்ந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ரெண்டு கரைக்கும் ஒரே ராஜா, ஆனா சென்னை வேற சர்க்கார், இலங்கை வேற சர்க்கார். 1921 அக்டோபர்ல கொழும்புல உக்காந்து பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மீன்பிடிக் கோடு ஒண்ணு போட்டாங்க. ஒரே சாம்ராஜ்யத்தோட ரெண்டு ஆபீஸ் தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட கோடு அது.

1974 ஒப்பந்தம் கச்சத்தீவால எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடிக்கு முக்கியம் அதுக்கடுத்தது, 1976 மார்ச் 23. மன்னார் வளைகுடாவுல அட்சரேகை, தீர்க்கரேகையோட புள்ளி புள்ளியா குறிச்சு ஒரு கோடு. (நம்ம மாதிரி பொட்டி தட்டறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி சுத்தமான டேட்டா.) அப்போ எமர்ஜென்சி. ஜனவரி 31-ஆம் தேதியே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைச்சாச்சு, கேள்வி கேக்க இங்க சட்டசபையே இல்ல.

அதோட சேர்ந்த கடிதங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஷரத்து இருக்கு. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கற வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்குன்னு முடிவாச்சு. ஆனா இலங்கையோட 6 கப்பல்கள், வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மிகாம, 3 வருஷம் அங்க மீன் பிடிக்கலாம். இது பழைய கல்லுக்கணக்கேதான், காலாவதி தேதி மட்டும் புதுசு. கோடு போட்ட அதே கையால பங்கும் எழுத முடிஞ்சிருக்கு.

ஐரோப்பாக்காரங்க ஒண்ணு சேரும்போது கொடியிலேர்ந்தா ஆரம்பிச்சாங்க? ரெண்டு உலகப்போர்ல அடிச்சுக்கிட்ட பிரான்சும் ஜெர்மனியும் 1951-ல நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்துல வைக்க வேற நாலு நாடுகளோட கையெழுத்துப் போட்டாங்க, மீதியெல்லாம் அப்புறம். நம்ம பக்கம் பொதுவா இருந்ததைப் பிரிக்கத்தான் ஒப்பந்தம் போட்டோம். மீனுக்கு மறுபடியும் ஒரு பங்கு எழுதறதைப் பத்திப் பேசறது நாட்டுத்துரோகம் ஒண்ணும் கிடையாதுங்கறது என் கட்சி.

சரக்கு விஷயத்துல இந்தக் கோடு யாரையும் தடுக்கல. தூத்துக்குடிப் பெட்டிகள் கொழும்புக்குப் போய் பெரிய கப்பல் மாறி உலகம் சுத்துது. தருவைகுளம் மீனவர் கதை வேற. 2023-ல 12 பேரை மாலத்தீவு பிடிச்சுது, 2024-ல 22 பேரை இலங்கை பிடிச்சுது. அந்தப் பக்கத்து மீனவர்களை நம்ம கடலோரக் காவல்படை பிடிக்கறதும் நடக்குது.

1914-க்கு முன்னாடி கொழும்பு போறவங்க ரயில்ல தூத்துக்குடி வந்து கப்பல் ஏறுவாங்க. வ.உ.சி. 1906-ல ஆரம்பிச்ச சுதேசிக் கம்பெனி கப்பல் விட்டதும் இதே வழியிலதான். 2011 ஜூன்ல மறுபடி பயணிகள் கப்பல் விட்டாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே நின்னு போச்சு.