இரண்டாவது இருக்கையின் வரலாறு

இந்தியாவின் வணிக விமானப் போக்குவரத்து ஒற்றை விமானியோடுதான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, புஸ் மாத் என்னும் சிறிய விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சலைக் கொண்டுவந்தார்; அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். வானொலித் தொடர்பு இல்லாத அவ்விமானங்களில் வழியறிவதும் பொறியின் ஓசையைக் கவனிப்பதும் விமானத்தை ஓட்டுவதும் ஒரே மனிதரின் பொறுப்பாக இருந்தன. இன்று மயிலாடுதுறை வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் நாடும் திருச்சிராப்பள்ளி, 1938இல் இத்தடம் கொழும்புவரை நீண்டபோது அதன் இடைநிறுத்தங்களுள் ஒன்றாயிற்று.

பயணம் நீண்டு பயணிகள் பெருகியபோது விமானி அறையும் நிறைந்தது. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தொடங்கிய சேவைக்குரிய கான்ஸ்டலேஷன் போன்ற நெடுந்தூர விமானங்களில், தலைமை விமானி, துணை விமானி ஆகியோருடன், விண்மீன்களையும் வரைபடத்தையும் கொண்டு இருப்பிடம் கணிக்கும் நேவிகேட்டர், தரையோடு செய்தி பரிமாறும் ரேடியோ அலுவலர், எஞ்சின்களையும் எரிபொருளையும் கண்காணிக்கும் விமானப் பொறியாளர் எனத் தனித்தனித் தொழில்கள் வளர்ந்தன. பின்னர் ஒவ்வொரு தொழிலையும் ஒரு கருவி ஏற்றுக்கொண்டது. தெளிவான குரல்வழி வானொலி வந்ததும் ரேடியோ அலுவலரும், விமானம் தன் நகர்வைத் தானே அளந்து இருப்பிடத்தைக் கணிக்கும் கருவிகள் வந்ததும் நேவிகேட்டரும் விலகினர். 1971இல் ஏர் இந்தியா வாங்கிய போயிங் 747இல் அமர்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு, 1993இல் வந்த 747-400இல் இருக்கையே இல்லை.

இவ்வரிசையில் அடுத்து எழுவது துணை விமானியின் இருக்கை தேவையா என்னும் கேள்வி. அதற்கு விடை காண மயிலாடுதுறைச் சந்திப்பின் இருப்புப்பாதை வரலாறு உதவும். மாயவரம் என்று வழங்கிய காலத்தில் இச்சந்திப்பைக் கடந்த மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்களில், ஓட்டுநருடன் கரி தள்ளித் தீ வளர்க்கும் ஃபயர்மேன்களும் இருந்தனர். டீசல் வந்ததும் கரி போயிற்று, ஃபயர்மேன் வேலையும் போயிற்று. ஆயினும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உதவி ஓட்டுநர் நீடித்தார். கைகாட்டி தென்படும்போது அதன் நிலையை இருவரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் விதி; உதவி ஓட்டுநரின் முக்கியப் பணிகளுள் அதுவும் ஒன்று. சென்னைப் புறநகர் மின்தொடர்வண்டியை ஒரே ஓட்டுநர் இயக்குகிறார் என்பதும் உண்மை. ஆனால் அவருடைய கை கைப்பிடியிலிருந்து நழுவினால் பிரேக் தானே பிடித்து வண்டி தண்டவாளத்திலேயே நின்றுவிடும். வானில் அப்படி நிற்க இடமில்லை.

துணை விமானியும் ஃபயர்மேனின் வழிவந்தவர் அல்லர், கைகாட்டியை உரக்கச் சொல்பவரின் இனத்தவர். அவரிடமிருந்து ஒரு வேலையைக் கருவி வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு மனம் கவனித்துக்கொண்டிருக்கிறது என்னும் நிலையை எளிதில் வாங்கிக்கொள்ள இயலாது. தானியக்கத்தை ஆதரிப்போர் இதற்கு மறுப்பாகப் பெங்களூரைச் சுட்டலாம். இந்தியன் ஏர்லைன்ஸ் 1989இல் சேவையில் சேர்த்த ஏர்பஸ் ஏ320 விமானங்களுள் ஒன்று, 1990 பிப்ரவரி 14 அன்று அங்கே தரையிறங்கும் வேளையில், தானியங்கி தவறான நிலையில் இருக்க, எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் ஓட, வேகம் தேய்ந்து விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். விமானி அறையில் இருவர் இருந்தும் உரிய நேரத்தில் வேகக்குறைவு உணரப்படவில்லை. எனினும் அவ்விபத்து காட்டுவது மனிதர் மிகுதியாக இருந்தனர் என்பதையன்று. கருவி என்ன செய்கிறது என்பதை மனிதர் உரிய நேரத்தில் உணரவில்லை என்பதையே. விமானி அறையிலிருந்து ஒருவரை அகற்றுவது அக்குறைக்கு மருந்தாகாது.

இரண்டாவது விமானியின் பயன் பழுது நேரும்போது தெரியும். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், சக்கரம் முதலிய உறுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுபட்டது. எரிபொருள் குறையும்வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டு, அதே நிலையத்தில் அது பத்திரமாக இறங்கியது. இத்தகைய நேரங்களில் ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் அவசரகால நடைமுறைப் பட்டியலைப் படித்து, தரைக் கட்டுப்பாட்டோடு பேசி, ஓட்டுபவரின் ஒவ்வொரு செயலையும் சரிபார்க்கிறார்.

விமானிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் இன்றைய முயற்சி முழுப் பயணத்தையும் ஒருவரிடம் ஒப்படைப்பதாகத் தொடங்கவில்லை. நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் ஒருவர் ஓட்ட மற்றவர் உறங்கலாம் என்பதே முதற்படி. கூடுதல் விமானிகளின் செலவைக் குறைக்கும் இந்த முறையை ஆராய்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வான்பயணப் பாதுகாப்பு முகமை, இப்போதைய விமானி அறைகளைக் கொண்டு, இருவர் அமர்ந்திருக்கும்போது கிடைக்கும் பாதுகாப்புக்கு ஈடான பாதுகாப்பை நிறுவ இயலவில்லை என்று 2025இல் அறிவித்தது. தனித்திருப்பவர் மயங்கினால் அதை யார் அறிவது, உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவரின் அறிவு தெளிய எவ்வளவு நேரமாகும், கழிவறைக்குச் செல்லும் நிமிடங்களில் இருக்கையில் யார் இருப்பது என்பன அந்த ஆய்வு விடை தேடிய கேள்விகளுள் சில.