லூசியா ஹாரிஸ்

லூசியா ஹாரிஸ் (10 பிப்ரவரி 1955 – 18 ஜனவரி 2022) அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர். ஒலிம்பிக் மகளிர் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவர். ஆண்கள் ஆடும் என்பிஏ லீகின் அணி ஒன்று முறைப்படி தேர்ந்தெடுத்த ஒரே பெண். இத்தனை பெருமை இருந்தும், ஊதியம் வாங்கி அவர் விளையாடியது ஒரே ஒரு பருவம்தான். அவருடைய ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை லீகே கிடையாது.

மிசிசிப்பி மாநிலத்தின் மின்ட்டர் சிட்டியில், பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தில் 11 பிள்ளைகளில் 10ஆவதாகப் பிறந்தார். குடும்பத்தோடு வயலில் பருத்தி எடுத்தார். இரவில் தூங்குவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பார். ஆஸ்கர் ராபர்ட்சன் அவருக்கு மிகப் பிடித்த வீரர். 6 அடி 3 அங்குல உயரம் பள்ளியில் கேலிக்குரியதாக இருந்தது. கிரீன்வுட்டின் அமாண்டா எல்சி உயர்நிலைப் பள்ளி அணியில் அதுவே பலமானது.

அவர் சேர எண்ணியிருந்த ஆல்கார்ன் கல்லூரியில் பெண்கள் அணி இல்லை. அப்போது மிசிசிப்பியின் கிளீவ்லண்டில் உள்ள டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டிருந்தது. அதன் பயிற்சியாளர் மார்கரெட் வேட், 1930களின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் ஆடியவர். இளம்பெண்களுக்கு இந்த ஆட்டம் கடுமையானது என்று சொல்லி நிர்வாகம் அன்று அணியைக் கலைத்திருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1973இல் அணி மீண்டும் உருவானபோது, அதில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் ஹாரிஸ்.

அடுத்து நடந்ததை எண்கள் ஓரளவுதான் சொல்லும். 1974–75 பருவத்தில் டெல்டா ஸ்டேட் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியிருந்த இம்மாக்குலாட்டா கல்லூரியை இறுதி ஆட்டத்தில் வென்றது. 1976, 1977 ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் அதற்கே; இடையில் 51 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றது. நான்கு ஆண்டுகளில் ஹாரிஸ் எடுத்தவை 2,981 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 25.9. மூன்று புள்ளிக் கோடு கல்லூரி ஆட்டத்துக்கு வராத காலம் அது. கூடைக்கு அடியில், இரண்டு மூன்று பேர் சூழ்ந்து மறிக்க, இரண்டிரண்டாகச் சேர்த்த புள்ளிகள் என்பதை மனத்தில் வைத்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முதல் கூடை ஹாரிஸின் கையிலிருந்து விழுந்தது. அந்த ஆட்டத்தில் அமெரிக்கா தோற்றது. ஆனாலும் சோவியத் அணிக்கு அடுத்ததாக வந்து வெள்ளி பெற்றது. அமெரிக்க அணியில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே.

1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 137ஆவது பெயராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 1969இல் டெனிஸ் லாங் என்ற பெண்ணை ஓர் அணி தேர்ந்தெடுத்தபோது லீக் அதைச் செல்லாது என்று அறிவித்திருந்தது. ஹாரிஸின் தேர்வு நின்றது. ஆனால் அவர் போகவில்லை. ஆண்களோடு மோதி நிலைக்க முடியும் என்று அவர் நம்பவில்லை. அப்போது கருவுற்றும் இருந்தார். அந்த முடிவைத் துணிவின்மை என்று யாரும் எழுதக் கூடாது. பெண்களுக்கான கதவு ஒன்று திறந்திருந்தால் இப்படியொரு தேர்வே அவர்முன் வந்திருக்காது.

மகளிர் தொழில்முறை லீக் ஒன்று 1978 இறுதியில் தொடங்கி 1981இல் மடிந்தது. அதில் 1979–80 பருவம் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆடினார். பிறகு தாம் படித்த பள்ளிக்கே ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் திரும்பினார். நான்கு பிள்ளைகளை வளர்த்தார். இருமுனைய மனநோயோடு நீண்ட காலம் போராடினார். அதைப் பின்னாளில் மறைக்காமல் பேசினார். மகளிருக்கான டபிள்யூஎன்பிஏ லீக் 1997இல் முதல் ஆட்டத்தை நடத்தியபோது அவருக்கு வயது 42.

1992இல் நைஸ்மித் கூடைப்பந்துப் புகழவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். மேடையில் அவரை அறிமுகப்படுத்தியவர், போர்வைக்குள்ளிருந்து அவர் பார்த்த அதே ஆஸ்கர் ராபர்ட்சன். அவர் வாழ்க்கையை அவரே சொல்லும் ‘தி குயின் ஆஃப் பாஸ்கெட்பால்’ என்ற பென் பிரவுட்ஃபுட்டின் குறும்படம் 2022 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. ஹாரிஸ் இறந்து அப்போது இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.