நாற்பது பவுன் பாலம்

பாலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பேரரசர்களையும் பெருநகரங்களையும் புகழ்ந்துவிட்டு அமைவர். ரோமாபுரியாரின் கல்வளைவுகளும், 1883-ம் ஆண்டில் நியூயார்க்கில் திறக்கப்பெற்ற புரூக்ளின் தொங்கு பாலமும் எல்லா நூல்களிலும் இடம்பெறும். அவை புகழத்தக்கனவே. ஆயினும், கம்பியைக் கட்டி அதன்மேல் மனிதன் நடக்கலாம் என்பதை மேல்நாட்டில் முதன்முதல் செய்து காட்டியவர் யாவர் என்று வினவுவோமாயின், விடையாக வருவோர் அரசருமல்லர், படைத்தலைவருமல்லர். தத்தம் நிலத்தருகே ஓடிய ஆற்றைக் கடக்க வழிதேடிய ஆலைக்காரரும் உழவருமே அவர்.

ஸ்காட்லாந்து நாட்டின் தென்பகுதியில் கலாஷீல்ஸ் என்றோர் ஊர் உண்டு. கம்பளி நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே கலா வாட்டர் என்னும் சிற்றாற்றின் கரையில் ரிச்சர்டு லீஸ் என்பார் கம்பளி ஆலை நடத்தி வந்தார். 1816-ம் ஆண்டில் அவர் அவ்வாற்றின் குறுக்கே மெல்லிய இரும்புக் கம்பிகளால் ஒரு நடைபாலம் அமைத்தார். நீளம் 111 அடி. செலவு 40 பவுன். கணக்கேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு அந்த நாற்பது என்னும் எண்ணே முதலில் கண்ணிற்பட்டது. அடுத்த ஆண்டில் பீபிள்ஸ் ஊரருகே ஒரு நிலப்பிரபு தம் நிலத்தில், ஏறத்தாழ அதே நீளமுள்ள இரும்புப் பாலம் ஒன்றை எடின்பரோ நகரத்துக் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்தபோது, 160 பவுன் செலவாயிற்று!

நிற்க. லீஸ் என்பாருக்கு இவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது? அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியால் என்பர். பிலடெல்பியா நகரையடுத்த ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் ஜோசையா ஒயிட், எர்ஸ்கின் ஹாசர்டு என்னும் இருவர் கம்பி இழுக்கும் ஆலை வைத்திருந்தனர். அவ்விடத்தே இருந்த சங்கிலிப் பாலம் 1816-ம் ஆண்டின் தொடக்கத்தில் பனிப்பாரம் தாங்காது வீழ்ந்தது. ஆற்றைக் கடக்க வழியில்லை. இருவரும் தம் ஆலையில் இழுத்த கம்பியையே எடுத்தனர். ஆலையின் மேல்மாடிச் சன்னலில் ஒரு முனையையும், அக்கரையில் நின்ற மரத்தில் மறுமுனையையும் பிணைத்தனர். மேலே பலகை பரப்பினர். நீளம் 408 அடி, நடைவழியின் அகலம் ஒன்றரை அடி, செலவு 125 டாலர். ஒரே வேளையில் எட்டுப் பேருக்குமேல் ஏறலாகாதென விதித்தனர். நபர் ஒருவருக்கு ஒரு சதம் சுங்கம் வாங்கினர். உலகில் கம்பி வடத்தால் அமைந்த முதல் தொங்கு பாலம் இதுவேயென இன்று கருதப்படுகிறது. அது நெடுநாள் நிற்கவில்லை. பனியே அதனையும் வீழ்த்தியது. ஆனால் செய்தி கடல் கடந்துவிட்டது.

இவ்விருவருக்கும் முன்னோடியாக ஒருவர் இருந்தார். அவரே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்பவர். பென்சில்வேனியா மாகாணத்தின் மேற்குப் பகுதியில் உழவு செய்து வந்த ஜேம்ஸ் பின்லி என்பவர், உள்ளூர் நியாயாதிபதியாகவும் இருந்தார். 1801-ம் ஆண்டில் ஜேக்கப்ஸ் கிரீக் என்னும் ஓடையின்மேல் 70 அடி நீளமுள்ள சங்கிலிப் பாலம் ஒன்றை 600 டாலரில் அமைத்தார். அவருடைய ஆய்வுக்கூடம் எது தெரியுமோ? ஒரு பலகைச் சுவரும், சிறிது நூலும், சில எடைகளும்! சுவரில் நூலைத் தொங்கவிட்டு, அதில் சம எடைகளை வரிசையாகக் கட்டி, நூல் எவ்வளவு தொய்கின்றது, முனை எவ்வளவு இழுக்கின்றது என்று பார்த்தார். பாலத்தின் நீளத்தில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கு தொய்வு வேண்டும் என்று முடிவு கண்டார்.

இதன் உண்மையை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். துணி உலர்த்தும் கொடியை நாண்போல் இழுத்துக் கட்டினால், நனைந்த வேட்டி ஒன்றுக்கே முளை பிடுங்கிக்கொள்ளும். சற்றுத் தொய்யவிட்டால் நாலு சேலையையும் தாங்கும். கணக்கிட்டாலும் அவ்வாறே. 70 அடிப் பாலத்தில் பாரம் சமமாய்ப் பரவியிருக்க, தொய்வு 10 அடியாயின், கரையை நோக்கிக் கிடையாக இழுக்கும் விசை மொத்தப் பாரத்தில் எட்டில் ஏழு பங்கே. தொய்வை மூன்றரை அடியாகக் குறைத்தாலோ, அவ்விசை மொத்தப் பாரத்தைப்போல் இரண்டரை மடங்காகிவிடும். பின்லி இம்முறையை ஒளித்துவைத்தாரில்லை. 1808-ல் காப்புரிமை பெற்றபின், 1810-ல் பத்திரிகையில் விரிவாக எழுதி வெளியிட்டார். நூலும் எடையும் உள்ள எந்தத் தச்சனும் கொல்லனும் செய்து பார்க்கக்கூடிய முறை அது.

இதனை அறியாமற் கட்டியதன் விளைவை ஸ்காட்லாந்திலேயே காணலாம். டுவீட் ஆற்றின்மேல் டிரைபர்க் என்னுமிடத்தில் பக்கான் பிரபு தம் செலவில் 260 அடிப் பாலம் ஒன்றை 1817-ம் ஆண்டில் கட்டுவித்தார். செலவு சுமார் 500 பவுன். அதில் சங்கிலிகள் தொய்வாகத் தொங்கவில்லை. கம்பங்களின் உச்சியிலிருந்து கதிர்போல் சாய்வாக விரிந்து பலகையைப் பிடித்திருந்தன. மூன்று நான்கு பேர் விளையாட்டாக ஆட்டிப் பார்த்தபோதே ஒரு சங்கிலி அறுந்ததாம். திறந்து ஆறு திங்கள் சென்றதும், 1818 ஜனவரியில் வீசிய பெருங்காற்று பாலத்தைச் சாய்த்தது. மறுமுறை கட்டியவர்கள் சங்கிலியைத் தொய்யவிட்டு, அதிலிருந்து தளத்தைத் தொங்கவிட்டனர். உழவன் சுவரில் கண்ட பாடம் பிரபுவின் பாலத்துக்கும் வேண்டியதாயிற்று!

இவ்வரலாறுகளை நமக்குக் காத்துத் தந்தவர் ராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் கலங்கரை விளக்கக் கட்டுநர். "புதையல் தீவு" எழுதிய ஆசிரியரின் பாட்டனார். பிரபுவின் பாலத்தோடு கம்பளி ஆலைக்காரரின் நாற்பது பவுன் பாலத்தையும் ஒரே கட்டுரையில் வைத்து 1821-ல் அவர் எழுதினார். சிறியதென்று தள்ளாத அந்த நேர்மைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும், அக்கம்பிகளை முறுக்கியவரும், ஆற்றில் இறங்கி நின்று பிணைத்தவரும் இன்னாரென்று அவ்வரலாறுகள் கூறவில்லை. தோட்டத்து ஓடைமேல் கிடந்த ஒற்றை மரத்தில், பால்வாளி கோத்த காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, மழைக்கால வைகறையில் கால் வழுக்கக் கடந்த நம் பெற்றோர் காலத்து மாந்தரை நினைப்பவர்க்கு இக்குறை பெரிதாகவே தோன்றும். அம்மரத்தை வெட்டிப் போட்டவரும் ஒரு பாலம் கட்டியவரே.

பிரான்சு தேசத்திலும் கதை இவ்விதமே தொடங்கிற்று. அன்னோனே என்னும் ஊரில் துணி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த மார்க் செகுவான் என்பார் 1822-ம் ஆண்டில் கான்ஸ் என்னும் சிற்றாற்றின்மேல் கம்பியால் ஒரு சோதனை நடைபாலம் கட்டினார். அதன் நீளம் 18 மீட்டர். செலவு 50 பிராங்கு மட்டுமே. அதில் நடந்து பார்த்த துணிவோடு அவரும் அவர் சகோதரர்களும் ரோன் என்னும் பேராற்றை நோக்கிச் சென்று, 1825-ம் ஆண்டில் தூர்னோன் நகரில் பெரிய கம்பித் தொங்கு பாலத்தைத் திறந்தனர். அப்பாலம் பின்னாளில் அகற்றப்பட்டது. அதே நகரில் 1847-ம் ஆண்டில் செகுவான் அமைத்த இரண்டாம் பாலமோ இன்றும் ரோன் ஆற்றின்மேல் நிற்கிறது. மோட்டார் வண்டிகள் வேறு பாலத்தால் செல்கின்றன. இதன் மரப்பலகைத் தளம் நடந்து செல்வோர்க்கு விடப்பட்டுள்ளது.